நாலு தலை மெழுகுதிரி

போன புரட்டாதியில் நம்முடைய வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது, ஞாபகம் இருக்கும். சின்ன வயதில் நாமெல்லாம் இருந்த அந்த ஹைமின் படம். நம்மில் ஒருவர் அந்தப் பக்கம் காரில் போனபோது நிறுத்தி எடுத்தது. அகதிக் குடும்பங்களை அறைக்கு ஒன்றாக வைத்திருந்த பழைய விடுதி, இப்போது வெள்ளைப் பூச்சும் பல்கனியுமாகப் பெரிய மனிதர் வீடாகி நிற்கிறது. உடனே எல்லோரும் எழுதத் தொடங்கிவிட்டீர்கள். ஒருவருக்குக் குளியலறை வரிசை ஞாபகம் வந்தது. ஒருவருக்குப் பதினொரு குடும்பமும் மூன்று அடுப்பும் ஞாபகம் வந்தன. இன்னொருவர், "பின்னாலை சரிவிலை நிக்கிற மஞ்சள் பூ என்ன பூ?" என்று கேட்டிருந்தார். அதற்கு ஒருவரும் பதில் எழுதவில்லை.

எனக்குப் பதில் தெரியும். ஆனாலும் எழுதவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தை இரண்டு விரலால் விரித்து விரித்து அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒற்றைத் தண்டாக நெட்டுக்கு வளர்கிற செடி. ஆள் உயரம் போகும். தண்டு முழுக்க மஞ்சள் பூ அப்பிக்கொண்டிருக்கும். படத்தில் நின்றவற்றில் பாதிக்கு நாலு தண்டு, ஐந்து தண்டு. அந்தச் செடி தன்பாட்டில் அப்படிக் கிளைப்பது அரிது. யாரோ அதன் தலையை முறித்திருக்கிறார்கள். அதுவும் கண்டபாட்டுக்கு அல்ல, ஒன்றுவிட்டு ஒன்றாகப் பார்த்து முறித்திருக்கிறார்கள்.

அந்தச் செடியின் தலையை முறித்த ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும். அது என் அப்பா. அவர் போய் இரண்டு வருடமாகிறது.

ஆகவே, கேட்டவருக்கு என் பதில் கொஞ்சம் நீளமாக வருகிறது. ஐம்பதைத் தொட்ட பிறகு நமக்கெல்லாம் எதையும் சுருக்கிச் சொல்லும் பழக்கம் போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பூவுக்கு ஜெர்மன்காரர் வைத்த பெயர் கோனிக்ஸ்கெர்ட்ஸே. ராசாவின் மெழுகுதிரி என்று அர்த்தம். இது பள்ளிக்கூடப் பெயர். ஊருக்கு ஊர் வேறு பெயர்களும் உண்டு. இலை கம்பளித் துணிபோல இருப்பதால் கம்பளிப் பூ என்றார்கள். இடி முழங்கும்போது ஒரு துண்டை அடுப்பில் போட்டால் அந்த வீட்டில் மின்னல் விழாது என்று நம்பியவர்கள் இடி மெழுகுதிரி என்றார்கள். காய்ந்த தண்டைக் கொழுப்பில் தோய்த்துப் பந்தமாகக் கொளுத்தியவர்களுக்கு அது பந்தப் பூ. தண்டில் பூ எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, பனி முந்திக் கொட்டுமா பிந்திக் கொட்டுமா என்று சாத்திரம் சொன்னவர்களுக்கு அது வானிலை மெழுகுதிரி. இதெல்லாம் நான் பிறகு புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு நம்முடைய ஹைமில் அதற்கு ஒரே பெயர்தான், பேய்ப் புகையிலை.

பெயர் வைத்தவர் பக்கத்து அறை மாமா. ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்தவர், அந்த நெளிந்த மீசைக்காரர், நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வந்து இரண்டாவது கோடை. எனக்குப் பத்து வயது முடிந்து பதினொன்று நடக்கிறது. ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, கிழக்கிலிருந்து மேற்குக்கு ரயில் மாறி, எங்களைப் பகிர்ந்து அனுப்பியதில் பீலெஃபெல்டுக்கு வெளியே இருந்த இந்தக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். பெரியவர்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. அந்தச் சொல்லின் பாரம் அப்போது நமக்குத் தெரியவில்லை. அப்பா வீட்டில் இருக்கிறார், நல்லதுதானே என்று நினைத்தோம். அப்பாவோ காலையில் எழும்பி முகம் கழுவி, சேர்ட்டை மாட்டி, கட்டிலின் விளிம்பில் போய் இருப்பார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அதே விளிம்பில் வந்து இருப்பார். அவருடைய பாரத்துக்கு அந்த இடத்தில் மெத்தை பள்ளமாகியிருந்தது.

அப்பா ஊரில், வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில் புகையிலை பயிரிட்ட கமக்காரன். அதைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று அம்மா சொல்லுவா, பாதி பெருமையாகவும் பாதி எரிச்சலாகவும். ஜெர்மன் மொழியில் அவருக்கு அப்போது மூன்றே மூன்று சங்கதிதான் தெரியும். வணக்கத்துக்குக் குட்டன் டாக், நன்றிக்கு டாங்கெ, பிறகு வைஸ் நிக்ட். மூன்றாவதுதான் அதிகம் பயன்பட்டது. அரசாங்கக் கந்தோர்களில் அதிகாரிகள் என்ன கேட்டாலும் "வைஸ் நிக்ட்" என்பார், தெரியாது என்று. மற்றதெல்லாம் நான். எந்தக் கந்தோருக்கும், எந்த டாக்குத்தரிடமும் அப்பாவின் வாயாகப் போனது நான்தான். உங்களில் முக்கால்வாசிப்பேருக்கும் அந்த உத்தியோகம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால் வயிற்றுவலி என்று சொல்லுவோம்.

ஹைமுக்குப் பின்னால் கைவிட்ட கல்லுடைப்புக் கிடங்கு இருந்ததே, அதன் சரிவில்தான் அந்தச் செடிகள். ஒவ்வொரு செடிக்கும் முதல் வருடம் நிலத்தோடு படர்ந்த இலை மட்டும். அகன்ற, சாம்பல் பச்சை இலை. அதைத்தான் நாங்கள் சப்பாத்துக்குள் வைத்துக்கொண்டு ஓடினோம், மெத்து மெத்தென்று இருக்கும் என்று. இரண்டாம் வருடம் நடுவிலிருந்து தண்டு கிளம்பும். ஒரு நாள் பின்னேரம் அப்பா என்னைத் தேடிக்கொண்டு அங்கே வந்தார். சாப்பிடக் கூப்பிட வந்த மனுசன் என்னை மறந்துவிட்டார். ஒரு செடியின் முன்னால் குந்தி இருந்து, இலையைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தார். நரம்பை நகத்தால் கீறினார். கசக்கி மணந்தார். பிறகு அடுத்த செடிக்குப் போனார்.

மாமா மேலே நின்று கத்தினார். "என்ன அண்ணை, ஜெர்மன்காரன்ரை கல்லுக்கிடங்கிலை தோட்டம் கண்டிட்டியளோ?"

"இலையைப் பார் தம்பி. புகையிலை மாதிரியே கிடக்கு."

மாமா இறங்கி வந்து ஒரு இலையைத் தடவிப் பார்த்தார். "புகையிலைக்கு மயிர் உப்பிடி இராது. உது பேய்ப் புகையிலை."

"எதெண்டாலும் இலை இலைதானே," என்றார் அப்பா.

அடுத்த நாள் காலை கட்டில் விளிம்பு வெறுமையாக இருந்தது.

அது ஆடி மாதம். என் அப்பா வேகமாக நடந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சுவர்ச் சாயம் அடைத்து வந்த வெள்ளை வாளி இரண்டைக் குப்பையிலிருந்து எடுத்துக் கழுவினார். சமையலறைத் தண்ணீரைச் சரிவுக்குக் காவினார். உங்களில் இரண்டு பேர் வாளி தூக்கினீர்கள், உதவிக்காக அல்ல, தண்ணீர் ஊற்றும் சாட்டில் நனைவதற்காக. மழை பெய்கிற நாட்டில் காட்டுச் செடிக்கு ஏன் தண்ணீர் என்று அம்மா கேட்டா. "இஞ்சேருங்கோ, ஆராவது பாத்தால் விசர் எண்டெல்லோ சொல்லப்போகினம்." அப்பா வாளியை வைத்துவிட்டுக் குனிந்தார். கல்லைப் பொறுக்கி வரிசையாக அடுக்கினார். புல்லைப் பிடுங்கினார். இரவு சாப்பிட்டதும் குறட்டை விட்டுத் தூங்கினார். அது புகையிலை இல்லை என்று முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அவருக்குத் தேவையாக இருந்தது குனிந்து செய்ய ஒரு வேலை. நாங்கள் எல்லோரும், அம்மா உட்பட, அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்தோம்.

பூ அவிழத் தொடங்கிய ஒரு காலையில் அப்பா எல்லாச் செடியின் தலையையும் முறித்தார்.

புகையிலை தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். புகையிலைக்குப் பூ எதிரி. பூவை விட்டால் சாரம் எல்லாம் பூவுக்கு ஏறிவிடும், இலை மெலிந்துபோகும். அதனால் மொட்டு வந்ததும் தலையை முறிப்பார்கள். யோசித்துச் செய்கிற வேலை இல்லை, கை தானாகப் போகும். முப்பது நாற்பது செடி இருக்கும். பெருவிரலும் சுட்டுவிரலுமாக, டக் டக்கென்று ஒரு சத்தம். நான் பின்னாலேயே போய் விழுந்த மஞ்சள் தலைகளை ஒரு கட்டாகக் கட்டினேன். அம்மா அதைச் சாமிப் படத்தின் முன்னால் ஒரு கிளாசில் வைத்தா. மத்தியானத்துக்குள் பூ உதிர்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் விடுதியைப் பராமரிக்கிற ஹவுஸ்மைஸ்டர் வந்து கதவைத் தட்டினார். அவரோடு கிராமத்து மனுசி ஒருவர், அறுபது வயதிருக்கும், கையில் மூடி போட்ட கூடை. எல்லோரும் சரிவுக்குப் போனோம். மனுசி முறிந்த தண்டுகளைக் காட்டி வேகமாகக் கதைத்தார். கோபத்தை விட அழுகைதான் அந்தக் குரலில் இருந்தது.

"யார் இப்படிச் செய்தது? ஒவ்வொரு கோடையும் காலையில் வந்து அன்றன்றைக்கு விரிந்த பூவை மட்டும் பறிப்பேன். பனி காய்ந்த பிறகு பறிக்க வேண்டும், மஞ்சள் மாறாமல் காய வைக்க வேண்டும். குளிர்காலம் முழுக்க என் கணவருக்கு அதுதான் தேநீர். இந்தக் கிடங்கில் முப்பது வருடம் கல் உடைத்த மனிதர். தூசு நெஞ்சுக்குள் போய்விட்டது." நெஞ்சில் கையை வைத்து இருமிக் காட்டினார். அந்த இருமலை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

ஹவுஸ்மைஸ்டர் என்னைப் பார்த்தார். "உன் அப்பாவிடம் கேள், ஏன் செய்தார்?"

பூ அவருடைய கணவருக்கு மருந்து என்பதையும் சொல்லி, நான் கேட்டேன். அப்பா முதலில் செடியைப் பார்த்தார், பிறகு மனுசியைப் பார்த்தார். நிமிர்ந்து நின்று, கந்தோர்களில் நான் ஒருநாளும் கேட்டிராத குரலில் சொன்னார்.

"அவவுக்குச் சொல்லு, நான் தெரிஞ்சுதான் முறிச்சனான். பன்ரண்டு வயதிலையிருந்து தோட்டம் செய்யிற கமக்காரன் எண்டு சொல்லு. ஆனால் பூ மருந்தெண்டு எனக்குத் தெரியாது, அது என்ரை பிழை. செடி சாகாது எண்டு சொல்லு. தலை முறிச்சால் பக்கத்தாலை நாலு குருத்து வெடிக்கும். புகையிலையெண்டால் அதையும் முறிப்பம். இதிலை நான் கை வைக்கமாட்டன். ஆவணி முடியேக்கை ஒண்டுக்கு நாலாப் பூக்கும். கூடையோடை வந்து பறிக்கச் சொல்லு. எல்லாம் வடிவாச் சொல்லு."

சொல்லியிருக்கலாம். எனக்குச் சொற்கள் இருந்தன. வகுப்பில் வாசிப்பில் முதல் ஆள் நான். ஆனால் அந்த வெயிலில், ஹவுஸ்மைஸ்டரின் முன்னால், மடித்துக் கட்டிய சாரமும் றப்பர் செருப்புமாக நின்று தோட்டக் கதை கதைக்கிற என் அப்பாவைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு முறைப்பாடு போனாலும் அன்ட்ராக் என்ற அகதி விண்ணப்பம் பழுதாகிவிடும், விசா கிடையாது என்று பெரியவர்கள் பயப்படுத்தி வைத்திருந்தது உண்மைதான். அந்தப் பயத்தால்தான் அப்படிச் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். வெட்கம்தான். சீக்கிரம் முடிய வேண்டும், எல்லோரும் கலைந்து போக வேண்டும், அவ்வளவுதான்.

"அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது," என்றேன் ஜெர்மனில். "மன்னித்துக்கொள்ளுங்கள்."

மனுசியின் முகம் மாறியது. கோபம் போய் இரக்கம் வந்தது. அப்பாவின் கையை மெல்லத் தட்டி, காது கேளாதவருக்குச் சொல்வதுபோல உரக்க, ஒவ்வொரு சொல்லாக, "பரவாயில்லை" என்றார். வெறும் கூடையோடு போய்விட்டார். அப்பா அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் கேட்டார்.

"எல்லாம் சொல்லிப்போட்டியோ?"

"ஓம் அப்பா. எல்லாம் சொல்லிப்போட்டன்."

"கெட்டிக்காரி," என்று தலையைத் தடவினார்.

நான் சொன்னதில் 'வைஸ் நிக்ட்' இருந்தது. அவருக்குத் தெரிந்த மூன்று சங்கதியில் ஒன்று அது. இதை நான் அன்றைக்கு யோசிக்கவே இல்லை.

அதன்பிறகு அவர் சொன்னபடியே நடந்தது. முறித்த இடத்துக்குக் கீழே இலை இடுக்குகளில் பச்சைக் குருத்து வெடித்தது. வழக்கத்தில் அதை நுள்ளி எறிகிற விரல்கள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. உண்மையாகவே அப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டுதான் அந்த வரிசையில் நடந்தார். அடி இலைகளை மட்டும் ஒடித்துச் சைக்கிள் கொட்டகையில் தொங்கவிட்டார். அது காய்ந்ததும் மாமா ஒரு சுருட்டுச் சுற்றி இழுத்துப் பார்த்த கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முழு ஹைமும் சுற்றி நின்றது. மாமா கண்ணை மூடி இழுத்தார், புகையை விட்டார், யோசித்தார்.

"அண்ணை, கம்பளியைக் கொளுத்தினமாதிரிக் கிடக்கு."

எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். இலையில் அவருக்கு அப்போது அக்கறை போய்விட்டது. ஆவணி கடைசியில் பக்கத் தண்டுகளில் பூ விரியத் தொடங்கியது. ஒரு செடியில் நாலு, சிலதில் ஆறு. சரிவு முழுக்க மஞ்சள். ஒவ்வொரு காலையும் அப்பா முகம் கழுவி, சேர்ட் போட்டு, தலை வாரி இழுத்து, கிடங்கின் வாசலில் போய் நின்றார்.

"அந்த மனுசி ஏன் வரேல்லை? ஆவணி முடிவெண்டு சொன்னனீயெல்லோ?"

"சொன்னனான்."

"மறந்துபோனாபோலை."

ஒரு கிழமை அப்படி நின்றார். பூ விரிந்து விரிந்து உதிர்ந்தது. எட்டாம் நாள் தானே பறிக்கத் தொடங்கினார். பறிக்கும் விதம் பற்றி மனுசி சொன்னதில் நான் அவருக்குத் திருப்பிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான், பனி காய்ந்த பிறகு பறிக்க வேண்டும் என்பது. அதை அவர் பிடித்துக்கொண்டார். கட்டிலில் வெள்ளை விரிப்பைப் போட்டுப் பூவைப் பரப்பினார். நாங்கள் மூவரும் இரண்டு கிழமை நிலத்தில் படுத்தோம். அறை முழுக்கத் தேன் மணம். ஒரு பூ கறுத்தால்கூட எடுத்து எறிந்தார். கடைசியில் அது ஒரு கோப்பிப் போத்தல் நிறைய வந்தது. அவ்வளவு பூவும் காய்ந்தால் ஒரு போத்தல்தான். மூடியை இறுக்கி, என் கையில் தந்தார்.

"கொண்டுபோய்க் குடு. அவவின்ரை மனுசனுக்கு எண்டு சொல்லு."

வீடு தெரியும். தேவாலயத்துக்கு அடுத்த சந்து, வாசலில் அப்பிள் மரம். மரத்தடியில் ஒரு கிழவர் கதிரையில் இருந்து இருமிக்கொண்டிருந்தார். இருமி முடித்துத் துவாயால் வாயைத் துடைத்தார். மீண்டும் இருமினார். நான் வேலிக்கு வெளியே நின்றேன். போத்தலைக் கொடுத்தால் எங்கிருந்து என்று கேட்பார்கள். சரிவில் பூத்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்பார்கள். என்னால் அந்த வாசலைத் தாண்ட முடியவில்லை. திரும்பி வந்து, பஸ் தரிப்பிடத்தில் இருக்கையின் கீழே போத்தலை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

"என்ன சொன்னவ?" என்றார் அப்பா.

"டாங்கெ சொன்னவ."

இதுவரை நான் ஒருவருக்கும் சொல்லாத பகுதி இதுதான். என் கணவருக்குக்கூடத் தெரியாது.

மறுநாள் அப்பாவுக்கு நகரத்துக் கந்தோரில் ஒரு டெர்மின், அதாவது குறித்த நேரச் சந்திப்பு, இருந்தது. நானும் சேர்ட் பொத்தான் எல்லாம் பூட்டி ஆயத்தமாகத்தான் நின்றேன். பஸ் நேரம் பார்க்க முதலே தரிப்பிடத்துக்குப் போன அப்பா திரும்பி வந்தார். "நீ பள்ளிக்கூடம் போ. இண்டைக்கு நான் தனியப் போறன்," என்றார். பின்னேரம் நன்றாகப் பிந்தி வந்தார். காற்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. கோட்டுப் பை இரண்டிலும் அப்பிள் பழம். அம்மா கேட்டதற்கு, "பஸ் பிந்திப்போச்சு. வழியிலை ஆரோ தந்தவை," என்றார். நான் இரண்டு அப்பிள் சாப்பிட்டேன். புளிப்பாக இருந்தது.

அன்றிலிருந்து அவர் என்னை ஒரு கந்தோருக்கும் கூட்டிக்கொண்டு போனதில்லை. தேவாலய மண்டபத்தில் நடந்த மொழி வகுப்பில் போய்ச் சேர்ந்தார். பிள்ளையின் படிப்புக் கெடக்கூடாது என்று நினைக்கிறார் என அம்மா எல்லோருக்கும் சொல்லிப் பெருமைப்பட்டா. எனக்கோ விடுதலை கிடைத்த சந்தோசம். ஐப்பசியில் எங்களை நகரத்துக்கு மாற்றினார்கள். சில வருடத்தில் அப்பாவுக்கு இரும்புத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பென்சன் வரும்வரை அங்கேதான். பல்கனியில் இரண்டு தொட்டியில் மிளகாய் வைத்தார், அவ்வளவுதான் அவருடைய தோட்டம். அந்தக் கோடையைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு சொல்லும் கதைத்ததில்லை. அன்றைக்குச் சரிவில் நான் சொன்னது அவருக்கு விளங்கியதா என்று கேட்க எனக்கு முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்தது. ஆஸ்பத்திரியில் கடைசி மூன்று கிழமையும் பக்கத்திலேயே இருந்தேன். நகம் வெட்டிவிட்டேன், பழம் வெட்டிக் கொடுத்தேன், அதைக் கேட்கவில்லை. இப்போது ஒரு நாளுக்கு, ஒரு மணித்தியாலத்துக்கு அவர் திரும்பி வந்தால் நான் கேட்கப்போவது அது ஒன்றுதான்.

உங்கள் படத்தைப் பார்த்த அடுத்த சனிக்கிழமை நான் அங்கே போனேன்.

சரிவில் ஒருவர் பூப் பறித்துக்கொண்டிருந்தார். என்னை விடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்த மனுசி. கையில் மூடி போட்ட கூடை. அதே கூடையா என்று தெரியவில்லை. சின்ன வயதில் இந்த ஹைமில் இருந்தேன் என்று சொன்னதும் அவர் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"ஒருவர் இருந்தார், செடியின் தலையை எல்லாம் முறித்தவர்," என்றார்.

"அவருடைய மகள் நான்."

கூடையைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்தக் கூடைக்கார மனுசியின் மகள் அவர். தாயும் தகப்பனும் எப்போதோ போய்விட்டார்கள். வீட்டுக்கு வரச் சொன்னார். அப்பிள் மரம் அப்படியே நின்றது.

"அன்றைக்கு நான் சமையலறையில்தான் இருந்தேன்," என்றார் மகள். "மழை. உங்கள் அப்பா கோப்பிப் போத்தலோடு வந்து வாசலில் நின்றார். அம்மா மூடியைத் திறந்து மணந்துவிட்டு, எங்கே கிடைத்தது, எல்லாம் முறிந்துபோனதே என்று கேட்டார். அவரிடம் மொழி இல்லை. சுற்றிப் பார்த்தார். யன்னலில் அம்மாவின் ஜெரானியச் சாடி. நேரே போய் அதன் தலையை டக்கென்று முறித்துவிட்டார். அம்மா கத்திவிட்டார். அவர் பயப்படவில்லை. முறிந்த இடத்தில் கையை வைத்து, நாலு விரலை இப்படி விரித்தார்." மகள் தன் நாலு விரலையும் மேசைமேல் விரித்துக் காட்டினார். "பிறகு அம்மாவின் கையைப் பிடித்து, அந்த மழையில், சரிவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அம்மா அவருடைய உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். 'பவுவர்?' என்று கேட்டாராம், கமக்காரனா என்று. அவர் 'ஓம், ஓம்' என்றாராம். மந்திரம் சொல்கிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டார்."

நான் சிரித்தேன். சிரித்தபோது கண்ணீர் வந்துவிட்டது. 'ஓம்' என்றால் எங்கள் ஊரில் ஆமாம் என்று சொன்னேன்.

பஸ் நேரம் பார்க்கப் போன இடத்தில், இருக்கையின் கீழே தன் போத்தலைக் கண்ட அப்பாவை நினைத்துப் பாருங்கள். குனிந்து எடுத்திருப்பார். என்ன நடந்தது என்று விளங்கியிருக்கும். அதற்குப் பிறகும் பின்னேரம் வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை. அப்பிளைக் கழுவித் தந்தார்.

"உங்களைப் பற்றியும் அம்மா கேட்டார், நன்றாக ஜெர்மன் கதைத்த அந்தப் பிள்ளை எங்கே என்று," மகள் தொடர்ந்தார். "அவர் காற்றில் எழுதிக் காட்டினார். படிக்கிறாள் என்று. பெரிய ஆளாக வருவாள் என்று கையை இவ்வளவு உயரத்தில் பிடித்தார்."

அந்தக் குளிர்காலம் கிழவர் அந்தத் தேநீரைக் குடித்தார். மயிர் தொண்டையில் ஒட்டாமல் துணியால் வடித்து, பாலும் தேனும் விட்டு. இன்னும் நாலு குளிர்காலம் இருந்தாராம். பூவால்தான் என்று நான் சொல்ல வரவில்லை, மகளும் சொல்லவில்லை. ஆனால் மறுவருடத்திலிருந்து தாய் பாதிச் செடியின் தலையை ஆடியில் முறித்தார். முறியாததில் கோடைக்குப் பூ, முறித்ததில் புரட்டாதிக்குப் பூ. தாய்க்குப் பிறகு மகள் முறிக்கிறார். பக்கத்துக் கிராமத்திலும் ஒன்றிரண்டு பேர் பழகிவிட்டார்களாம்.

"பெயர்கூட இருக்கிறது," என்றார். "ஒற்றைத் தண்டு கோனிக்ஸ்கெர்ட்ஸே, ராசாவின் மெழுகுதிரி. நாலு தலையுள்ளதை இங்கே பவுவன்கெர்ட்ஸே என்கிறோம். அம்மா வைத்த பெயர்."

கமக்காரனின் மெழுகுதிரி. எந்தப் புத்தகத்திலும் அந்தப் பெயர் இல்லை, நான் பிறகு தேடிப் பார்த்துவிட்டேன்.

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. மகள் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "ஒரு விசயம் அம்மாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. முதல் நாள் சரிவில் நீங்கள், அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னீர்களாம். ஆனால் அவர் வந்து காட்டியதைப் பார்த்தால் அப்படி இல்லை. அவர் உண்மையில் தெரியாமல்தான் முறித்தாரா?"

"இல்லை," என்றேன். "அவர் அன்றைக்குச் சொன்னது வேறு. நான்தான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்."

சொன்னேன். தெரிந்துதான் முறித்தார் என்று. பன்னிரண்டு வயதிலிருந்து தோட்டம் செய்கிற கமக்காரன் என்று. பூ மருந்தென்று தெரியாதது தன் பிழை என்று. செடி சாகாது, பக்கத்தால் நாலு குருத்து வரும், அதில் கை வைக்கமாட்டேன், ஆவணி முடியும்போது கூடையோடு வாருங்கள் என்று. ஒரு சொல்லும் விடவில்லை. அத்தனை வருடமும் அந்தச் சொற்கள் எனக்குள் வரிசை குலையாமல் கிடந்திருக்கின்றன. மகள் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் எழுந்து, ஒரு போத்தல் காய்ந்த பூவை எடுத்து என் முன்னால் வைத்தார்.

காருக்குப் போகும் வழியில் சரிவில் கொஞ்ச நேரம் நின்றேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நாலு தலையும் ஐந்து தலையுமாக மஞ்சள் பூ என்னைச் சுற்றி நின்றது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. வாய்விட்டே சொன்னேன்.

"ஓம் அப்பா. எல்லாம் சொல்லிப்போட்டன்."